நீலம் ஏறும் நேரம்

ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எண்ணக் கூடாது, நீலம் ஏற நேரம் கொடுக்க வேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மூன்று வருடமாக இந்த லேபுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித்தருகிறேன். ஒரு சொட்டு ஈஸ்ட், ஒரு சொட்டு நீலச் சாயம். உயிருள்ள ஈஸ்ட் உள்ளே வந்த சாயத்தை வெளுக்கவைத்துவிடும், செத்ததற்கு அந்தத் தெம்பு கிடையாது, வாங்கிய நீலத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும், ஆனால் செத்தது நீலமாவதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுப் பார்த்தால் எல்லாமே உயிரோடு இருப்பதுபோலத்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தைந்து. பதினோரு மணிக்கு வேதகிரி சார் மேலே வருவார், பீர் வடிக்கிற வேலை முழுக்க அவர் பொறுப்பு, ஏழாம் டேங்க்கில் என்ன கோளாறு என்று அவர் இன்றைக்கு எழுதி அனுப்பியாக வேண்டும், அவரைப் பொறுத்தவரை எழுதியாயிற்று, பொன்னுரங்கம் என்று பேரும் போட்டாயிற்று, என் எண்ணிக்கை ஒன்றுதான் பாக்கி, “ஒரு பேச்சுக்கு நீயும் பாத்து சொல்லிடும்மா ஜோவிட்டா, ஃபைல்ல இருக்கட்டும்” என்றார் காலையில். செவ்வாய்க்கிழமை ஏழாம் டேங்க்கில் ஈஸ்ட் விட்டோம், இன்று வெள்ளி, இந்நேரம் இனிப்பு பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும், ஈஸ்ட் தின்று தீர்த்திருக்க வேண்டும், பதினாலில் தொடங்கியது பன்னிரண்டில் வந்து குத்துக்கல்லாக நிற்கிறது. டேங்க்கைச் சுற்றி ஓடுகிற குளிர்நீர் வால்வைப் பொன்னுரங்கம் மூடாமல் விட்டுவிட்டான், டேங்க் ஜில்லிட்டுப்போய் ஈஸ்ட் தூங்கிவிட்டது, இது வேதகிரி சாரின் தீர்ப்பு, போன வருடமும் ஒருமுறை அவன் அப்படி விட்டவன்தான், காண்டிராக்ட் ஆள், திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றால் முடிந்தது. ஆனால் தூங்குகிற ஈஸ்ட் நீலமாகாது. குளிரில் ஈஸ்ட் சாகாது, சுருண்டு படுத்திருக்கும், அவ்வளவுதான், சாயம் போட்டுப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே இந்தக் கண்ணாடியில் எல்லாம் வெள்ளையாக இருந்தால் பொன்னுரங்கம். நீலம் இருந்தால் நான். வெள்ளையாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன், வேண்டி முடித்த பிறகுதான் எதை வேண்டினேன் என்று உறைத்தது, காது நுனி சுட்டது, ஒரு மனுஷனின் பிழைப்புப் போகட்டும் என்று மாதாவிடம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன், அதுவும் முகம் கழுவி, தலை வாரி, கழுத்தில் சின்னச் சிலுவையோடு உட்கார்ந்துகொண்டு.

பத்து முப்பது. கண்ணை மைக்ராஸ்கோப் லென்ஸில் வைத்தேன், முதல் கட்டம், இடது மேல் மூலை. ஸ்லைடில் கோடு கீறிப் பிரித்திருப்பது மொத்தம் இருபத்தைந்து கட்டம், நாலு மூலையும் நடுவும் எண்ணினால் போதும், மேல்கோட்டிலும் இடதுகோட்டிலும் தொட்டுக்கொண்டிருப்பதை எண்ண வேண்டும், கீழ்க்கோட்டிலும் வலதுகோட்டிலும் இருப்பதை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். தாய்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற மொட்டு, தாயில் பாதியளவுக்கு வளராவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு இல்லை, இரண்டும் சேர்ந்து ஒன்று. இதை முதன்முதலில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை, மிரியம் பிறந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்த ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் மார்பு கனக்கிறது, கனத்தால் போதும், சுரந்துவிடும், சுரந்தால் ரவிக்கை நனைந்துவிடும், அதனால்தான் எழுந்து நடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறேன், பார்ப்பவர்களுக்கு ஏதோ வேலையில் பக்தி என்று தெரியும். முதல் கட்டம் மொத்தம் இருபத்தாறு. நீலம், ஒன்று, இரண்டு, மூன்று, பெருவிரல் கையிலிருக்கிற எண்ணும் கவுண்டரை அழுத்துகிறது, டக், டக், எட்டு, ஒன்பது. இருபத்தாறில் ஒன்பது. ஒரு கட்டத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது, அதையும் நானே சொல்லித்தந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு கட்டத்தை வைத்துத்தான் சொன்னேன். அன்றைக்கு, ஏழாம் டேங்க்கில் விடுவதற்கு முன்னால், இதே நாற்காலியில், சாயம் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது, கிளாட்சன், என் வீட்டுக்காரர், மதியம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வார், பிறகு அம்மா வந்துவிடுவாள், “ஜோவி, பாட்டில வாயிலயே வைக்கமாட்டேங்குறா, அழுது அழுது மூச்ச புடிச்சுக்கிட்டா, உதடெல்லாம் நீலமா ஆயிடுச்சு ஜோவி” என்றார், அந்த வார்த்தை, நீலம், எனக்கு அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் “இரு இரு, விட்டுட்டா, அழுவுறா, சரியாயிடுச்சு” என்றார், பின்னால் மிரியத்தின் அழுகை கேட்டது, ஒருவரின் அழுகையைக் கேட்டு நான் அப்படி ஸ்தோத்திரம் சொன்னதே இல்லை. திரும்பி உட்கார்ந்தேன், முதல் கட்டத்தை மட்டும் பார்த்தேன், நாற்பத்து மூன்று, நீலம் மூன்று, நீலம் ஏற நேரமே கொடுக்கவில்லை, எப்படி ஏறும், மற்ற நாலு கட்டங்களை லென்ஸில் பார்க்கவில்லை, என் தலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டேன். நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு. நாற்பத்து நாலு. நாற்பத்தாறு. ஒரே எண்ணைத் திரும்ப எழுதவில்லை, பத்து பத்தாகவும் எழுதவில்லை, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, பொய் என்று தெரியாதபடி அதற்கு ஒரு நடை போட்டுக்கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு உயிரோடு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி அளந்து அவ்வளவு ஈஸ்ட்தான் விட்டார்கள். அன்றைக்கு உதடு நீலம், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கு என்று வைத்துக்கொள்.

இரண்டாவது கட்டம். மொத்தம் முப்பத்தெட்டு, இதுதான் உண்மையான எண்ணிக்கையின் அழகு, இருபத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்கு வெட்கமில்லாமல் தாவும், அடுத்தது பத்தாகக்கூட இருக்கும், என் தலைக்குள் பார்த்த எண்கள்தான் கான்வென்ட் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் வரிசையில் நின்றன. இந்த வித்தையை நான் இங்கே கற்றுக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் கற்றுக்கொண்டேன், புதுநன்மை வாங்குவதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் ஃபாதரிடம் சொல்ல வேண்டும், சிஸ்டர் எமரென்சியா எங்களைக் கோயில் பக்கவாசலில் வரிசையாக உட்காரவைத்து, “பாவம் என்னன்னு சொன்னா மட்டும் போதாது, எத்தனை முறைன்னும் சொல்லணும், டாக்டர்கிட்ட காய்ச்சல்னு சொன்னா எத்தனை நாளான்னு கேக்கமாட்டாரா, அது மாதிரி. சரியா நினைவில்லைன்னா ஏறக்குறையன்னு சொல்லணும்” என்றார். எனக்கு ஒன்றும் நினைவில்லை, முறைகள் நினைவில்லை என்பதல்ல, பாவமே நினைவில்லை, முட்டிபோட்டுத் தட்டியின் முன்னால் போனதும் பயத்தில் வாய் தானாகச் சொல்லிற்று, அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை ஏழு முறை, பொய் சொன்னேன் நாலு முறை, பொறாமைப்பட்டேன் ஐந்து முறை, நாலும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதே என்று “இல்ல ஃபாதர், ஆறு முறை” என்று திருத்திக்கூடச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் சிரித்தது கேட்டது. அந்த நாலு பொய்யும் பொய். ஐந்தாவதாக ஒரு பொய் அங்கேயே முட்டிபோட்டபடி சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கும் சேர்த்து எனக்கு மன்னிப்புக் கொடுத்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார், வெளியே வந்தால் சிஸ்டர், “பார், எவ்வளவு லேசா இருக்கு?” என்றார், இருந்தது, அதுதான் கொடுமை, பஞ்சுபோல இருந்தது. செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டதும் அதே பஞ்சு. டக். நீலம் பதினாலு. முப்பத்தெட்டில் பதினாலு. ஸ்லைடின் ஓரத்தில் அழுக்கு இருக்கலாம், சாயம் பழசாக இருக்கலாம், சாயப் பாட்டில் மேல் நேற்றுக் கலந்த தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது.

கதவு திறந்தது, கவுண்டரை மூடி மறைத்தேன், எதற்கு மறைத்தேன். பொன்னுரங்கம், கையில் மாதிரி எடுக்கிற பாட்டில், ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸின் ஈரம் வாசலிலேயே நின்றுவிட வேண்டும் என்று உள்ளே வராமல் கால்மிதியில் நின்றார். “இன்னொண்ணு புடிச்சாந்தன் மேடம், ஏழாம் டேங்க்கு. அடியில இருந்து புடிச்சன். சார் கேட்டாரு.” வைத்துவிட்டுப் போங்கண்ணே என்றேன், முகத்தைப் பார்க்காமல். போகவில்லை. “மேடம், ஒண்ணு கேக்கலாமா. இந்த ஈஸ்ட்ட பாத்து, எந்த மணிக்கு ஜில்லாச்சுன்னு கண்டுபுடிக்க முடியுமா?” முடியாதுண்ணே. “இல்ல, நான் மூடுனன். ஒன்பது சுத்து, கையால சுத்துனன், மூடுன மாதிரிதான் இருக்குது. ஆனா சார் இத்தினி தபா கேட்டதுல எனக்கே டவுட்டு வந்துடுச்சி. செவ்வாக்கெழம மூடுனனா, திங்கக்கெழம மூடுனத நெனச்சிக்கினு சொல்றனான்னு. ராத்திரி தூக்கத்துல எழுந்து எழுந்து கைய இப்பிடி சுத்தறனாம், வீட்டுல சொல்லுது, ‘இன்னாயா, பேயா புடிச்சிருக்குது’ன்னு. நான்தான் உட்டிருப்பன் போல மேடம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார், தன் தப்பை ஒத்துக்கொண்டவரின் சிரிப்பு, அவர் செய்யாத தப்பு. நான் மூன்றாவது கட்டத்தைத் தேடுகிறவள் மாதிரி லென்ஸைத் திருகிக்கொண்டே இருந்தேன், எல்லாம் மங்கலாகிவிட்டது, மங்கலைத் தெளிவாக்குகிற பக்கம் எது என்பது மறந்துவிட்டது. இந்த மனுஷன். வேலைக்குத் திரும்பின முதல் வாரம் பால் கட்டிக்கொண்டு எங்கே போய்ப் பீய்ச்சுவது என்று தெரியாமல், இத்தனை பெரிய கம்பெனியில் ஒரு பெண் உட்கார ஒரு மூலை இல்லாமல், ரசாயனம் வைக்கிற ஸ்டோர் ரூமில் கேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டே சாம்பிள் பாட்டிலில் பீய்ச்சினேன், மறுநாள் போனால் அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது, கதவுக்கு உள்பக்கம் ஒரு கோணி தொங்கியது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு கம்பி வளைத்து மாட்டியிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்னொரு நாள் லேப் ஃபிரிட்ஜில் ஈஸ்ட் மாதிரிகளுக்குப் பக்கத்தில் என் பால் பாட்டிலைப் பார்த்தால் அதில் மண்டையோடு ஒட்டியிருக்கிறது, காலி ஆசிட் கேனிலிருந்து உரித்து ஒட்டின சிவப்பு ஸ்டிக்கர். “யாரும் தொடமாட்டானுவோ மேடம். போன வாரம் சதீசு பையன் மோந்து பாத்துக்கினு இருந்தான், எடுத்து வெச்சி டீ போட்டுருவானுவோ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வீட்டில் கிளாட்சன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, “ஏய், எம் பொண்ணுக்கு இன்னாடி குடுக்கற?” என்றார், உரித்தேன், முழுக்க வரவில்லை, மண்டையோட்டின் பல் மட்டும் இன்னும் அந்தப் பாட்டிலில் இருக்கிறது. “போங்கண்ணே, பாத்துச் சொல்றேன்” என்றேன் பொன்னுரங்கத்திடம். “நீங்க பாத்தா கரீட்டா இருக்கும் மேடம்” என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மூன்றாவது கட்டம், வெறும் பதினொன்று, நீலம் மூன்று. கவுண்டரை அழுத்துகிற பெருவிரல் அதுபாட்டுக்கு அழுத்துகிறது, ஜெபமாலை மணியும் இப்படித்தான், மனசு எங்கேயோ திரிந்தாலும் விரல் அடுத்த மணிக்குப் போய்விடும். பதினொன்று. இந்த எண்ணை எனக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரம் தாண்டிப்போ. போன புதன்கிழமை மிரியத்தை எடை போட்டார்கள், ஆறு கிலோ நூறு, அதற்கு முந்தின முறையும் ஆறு நூறு, அதற்கு முந்தினதும், அட்டையில் புள்ளி வைத்துக் கோடு போட்டால் இழுத்துக் கட்டின நூல் மாதிரி நேராகப் போகிறது, ஏழாம் டேங்க்கின் கோடும் அப்படித்தான், இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரியாது. “ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் கொடுக்கறீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா, தலை நிமிராமல், பேனாவோடு. “எட்டு” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அப்புறம் எட்டு ரொம்பச் சரியாக இருக்கிறதே என்று பயந்து, “சில நாள் ஏழு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் போனதும் ஒன்று, ராத்திரி எத்தனை என்று எனக்கே தெரியாது, தூங்கிவிடுகிறேன், அவள் வாய்வைத்துக் குடித்தாளா சும்மா சப்பினாளா என்று தெரியாமல் தூங்கிவிடுகிறேன், பல நாள் வீட்டுக்குப் போனதும் என் கிட்டே வந்து முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள், புளித்த வாசனை, இரண்டு முறை குளித்தாலும் போகாது, முடிக்குள்ளே இருக்கும். அது அவளுக்குத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா கோயிலில் எல்லாரிடமும் “எம் பொண்ணு ஈஸ்ட் கம்பெனியில இருக்கா, ரொட்டிக்குப் போடறது” என்று சொல்லிவைத்திருக்கிறாள், ஞானஸ்நானத்தன்று கேக்கை வெட்டும்போது ஒரு மாமி, “இதுவும் நீ செஞ்ச ஈஸ்டுதானா?” என்று கேட்டார், “ஆமாம் மாமி” என்றேன், கேக்கில் ஈஸ்ட் போடுவதில்லை. பீர் செய்கிறேன் என்பதில் எனக்கு உண்மையில் வெட்கம் ஒன்றும் இல்லை, அதுதான் விசித்திரம், உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், கண்ணை வைத்தால் எது உயிர் எது இல்லை என்று தெரியும், அந்த ஒன்றில்தான் கை வைத்திருக்கிறேன். டாக்டரிடம் சொன்ன எட்டு அட்டையில் இருக்கிறது. அதை நம்பித்தான் “பால் போதும், வேற எதுவும் வேணாம், அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார். அவ்வளவு விட்டால் போதும் என்றார். நாலாவது கட்டம், நாற்பத்தொன்று, பதினேழு நீலம். ஐந்தாவது, நடுக்கட்டம், இருபத்தொன்பது, பத்து.

பத்து ஐம்பது. கூட்ட வேண்டும், நூற்று நாற்பத்தைந்து, நீலம் ஐம்பத்து மூன்று, உயிரோடு தொண்ணூற்றிரண்டு, நூற்றுக்கு அறுபத்து மூன்று. வால்வு இல்லை. குளிர் இல்லை. சாகிற நிலையில் இருந்த ஈஸ்டை, நல்லது என்று சொல்லி, கொஞ்சமாக அளந்து, அவ்வளவு பெரிய டேங்க்கில் விட்டிருக்கிறோம், விட்டோம் என்ன, விட்டேன். எதற்குச் சாகிற நிலைக்கு வந்தது என்பதும் எனக்குத் தெரியும், ஒரு டேங்க்கின் அடியில் தங்குகிற ஈஸ்டை எடுத்து அடுத்த டேங்க்கில் விடுவோம், அதிலிருந்து அதற்கடுத்தது, எண்ணிக்கை குறையத் தொடங்கினால் கொட்டிவிட்டுப் புதிது வளர்ப்போம், இந்த முறை குறையவே இல்லை, காகிதத்தில் குறையவே இல்லை, “உன் நம்பர பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம்மா, எட்டாவது தடவையும் ஓட்டலாம் போலிருக்கே” என்றார் வேதகிரி சார், ஒற்றிக்கொண்டார், ஓட்டினார். இதோ கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ஃபைல் திறந்திருக்கிறது. பேனா இருக்கிறது. முப்பத்தெட்டு, நீலம் இரண்டு. முப்பத்தொன்று, நீலம் ஒன்று. கை எழுதவில்லை, ஆனால் எண்கள் வந்துவிட்டன, கூப்பிடாமலே, நல்ல நடையோடு, இந்தத் தடவை கொஞ்சம் தாவவும் செய்கின்றன, உண்மை எப்படித் தாவும் என்று இப்போதுதானே பார்த்தேன், அதையும் கற்றுக்கொண்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது. பொன்னுரங்கமே தான்தான் என்று நம்பிவிட்டார், அவருக்கும் தெரியாது. வேலை போனால் எனக்கு வேறு எங்கே கிடைக்கும், கைக்குழந்தைக்காரியை எவன் எடுப்பான், கிளாட்சன் என்ன சொல்வார், அம்மா கோயிலில் என்ன சொல்வாள், ரொட்டிக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பாள். மார்பு ஊறிவிட்டது, இரண்டு பக்கமும், ஃபைலை எடுத்து அணைத்துக்கொண்டேன், அட்டை குளிர்ந்திருந்தது, உள்ளே முப்பத்திரண்டு நாளின் பக்கங்கள், எல்லாவற்றிலும் என் கையெழுத்து, சிஸ்டர் எமரென்சியா அடித்து அடித்துப் பழக்கின அழகான கையெழுத்து. ஏறக்குறைய என்று சொல்லலாம் என்றாரே. ஏறக்குறைய எத்தனை என்று எனக்குத் தெரியாதா என்ன.

படியில் சத்தம், வேதகிரி சார், வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். “என்னம்மா, நம்ம கும்பகர்ணனுங்க என்ன சொல்றாங்க? தூங்குறாங்களா?” இல்லை சார் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். “தூங்கல சார். செத்திருக்கு. அறுபத்து மூணுதான்.” அவர் கைக்குட்டையை மடித்தார். “குளுருல செத்துடுச்சா?” “குளிர்ல சாகாது சார். உங்களுக்குத் தெரியும். விடும்போதே செத்ததுதான். செவ்வாய்க்கிழமை நான் எண்ணல. ஒரு கட்டம் பாத்தேன், அதுவும் நேரம் விடாம. மத்தது நானா எழுதினேன்.” சொல்லி முடித்ததும் அந்தப் பஞ்சு வரும் என்று எதிர்பார்த்தேன்போல, வரவில்லை. மடித்த கைக்குட்டையை அவர் பைக்குள் வைத்தார். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, தணிந்த குரலில், “குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு கிளாட்சன் போன் பண்ணாருன்னு சொன்னியே, அன்னிக்கா?” என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். “சரி. பெத்தவ மனசு. எம் பொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு நாள் தவறிப்போச்சு, நான் வேற மாதிரி எழுதிக்கறேன், ஆள் பேரு இல்லாம. அந்த ஒரு தடவதானே?” அவர் எத்தனை முறை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒன்று என்று அவரே எண்ணி என் கையில் வைத்தார், நான் விரலை மூடிக்கொண்டால் போதும், பொன்னுரங்கமும் தப்பித்துவிடுவார், நானும், எல்லோருமே, ஆமா சார் என்ற இரண்டு வார்த்தை, நாக்கு அதற்கான இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதே ஈஸ்ட்தான் இரண்டாம் டேங்க்கிலும் ஐந்தாம் டேங்க்கிலும் இருக்கிறது. நாளைக்கு அதுவும் நிற்கும், நாளைக்கும் யாரோ ஒருவர் ராத்திரியில் எழுந்து கையைச் சுற்றிக்கொண்டிருப்பார். “இல்ல சார்” என்றேன். “பதினோரு தடவ.” அவர் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, கால்மிதியில் பொன்னுரங்கத்தின் பூட்ஸ் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பதினொண்ணா?” என்றார், இப்போது அந்தக் குரலில் மகள் இல்லை. “எந்தெந்த நாளு? எடு ஃபைல.” கையை நீட்டினார். ஃபைல் என் நெஞ்சோடு இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். ரவிக்கையில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், மூடுவதற்கு எதுவும் இல்லை, அவர் பார்த்தார், சட்டென்று ஃபைலுக்குள் குனிந்துகொண்டார். தேதிகளை நான் பார்க்காமலே சொன்னேன், நவம்பர் நாலு, அன்றைக்கு அவள் முதல்முறை குப்புற விழுந்தாள், நான் இல்லை, வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு, பல் முளைக்கிற காய்ச்சல். பத்து, ஒன்றும் இல்லை சார், தூக்கம் வந்தது. பதினொன்று, ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார், ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன இடங்களில் கோடு அழுத்தமாக விழுந்தது. பதினோராவது கோடு போட்டதும் பென்சிலை வைத்துவிட்டு, “நீ போம்மா. வீட்டுக்குப் போ. நான் கூப்பிடறேன்” என்றார், கூப்பிடுவாரா மாட்டாரா என்பது அந்தக் குரலில் இல்லை. பையை எடுத்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன், மண்டையோட்டின் பல். லேப் ஜன்னல் வழியாக டேங்க் ஹால் தெரிந்தது, கீழே ஏழாம் டேங்க்கின் அடியில் பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார், மூடியிருந்த வால்வை இரண்டு கையாலும் பிடித்து, இன்னும் மூட முடியுமா என்று, முடியாத பக்கம் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். இந்த மூன்று வருடத்தில் அந்த ஹாலில் நான் குரல் உயர்த்தியதில்லை, கான்வென்ட்டில் பெண்பிள்ளைகள் கத்த மாட்டார்கள், மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது, பாட்டில் கழுவுகிற வாஷிங் லைனில் நின்ற ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், நனைந்த ரவிக்கையோடு ஜன்னலில் நிற்கிற என்னை. “பொன்னுரங்கம்ணே, விடுங்கண்ணே,” என்று கத்தினேன், “அன்னிக்கும் மூடித்தான் இருந்துச்சு.”